பதினோரு செகண்டு

வாங்க, வாங்க. உள்ளார வாங்க. தனபாக்கியம் அக்காவைப் பாக்க வந்தீங்களா? அக்கா மண்டபத்துக்குப் போயிருக்குதுங்க, அரை மணி நேரத்துல வந்துரும். சித்த உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

நான் சென்னியப்பனுங்க. இந்த ஸ்டுடியோவுல கேமரா புடிக்கிறது மேனகா. ஆளுககிட்ட பேசறது அக்கா. கம்ப்யூட்டர், காப்பி, எடிட்டிங் எல்லாம் நான். ஒம்பது வருசம் பெங்களூருல கம்பெனியில இருந்துட்டு, அந்தச் சோறு புடிக்காம காங்கேயத்துக்கே வந்துட்டேனுங்க. சரி, என்ன விசேசம்? மக கல்யாணங்களா? தை மாசமா? ரொம்ப நல்லதுங்க.

என்னங்க? ஓ… உங்க காதுக்கும் வந்துருச்சா! "உங்க கடையில ஒரு கல்யாணத்துப் படமே அழிஞ்சு போச்சாமே"ன்னு கேக்கறீங்க. யாருங்க சொன்னது? சரி விடுங்க, சொல்ல மாட்டீங்க. அக்கா இருந்தா "அதெல்லாம் புரளி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிரும். நான் அப்படி இல்லீங்க. எனக்கு மறைக்கத் தெரியாது. ஒண்ணு நடந்தா, நடந்ததை நடந்தபடி, நடந்தவொடனே சொல்லிரணும். அதான் என் தொழில்ல மொத பாடம். நீங்களே கேட்டுட்டு, யார் மேல தப்புன்னு சொல்லுங்க.

மொதல்ல எங்க வேலை எப்படின்னு தெரிஞ்சுக்கணும். மண்டபத்துல மணமகன் ரூமுக்குப் பக்கத்துல ஒரு மூலையில என் கம்ப்யூட்டர் இருக்கும். மேனகாகிட்ட ரெண்டு கார்டு. ஒண்ணுல படம் புடிச்சுட்டு இருக்கறப்ப, இன்னொண்ணு என் கம்ப்யூட்டர்ல சொருகி இருக்கும். அதுல இருக்கற படத்தை நான் எழுதின புரோகிராம் தானா காப்பி எடுத்துக்கும். காப்பி ஓடறப்ப மஞ்ச லைட்டு, முடிஞ்சா பச்சை லைட்டு. பச்சையைப் பாத்தா மேனகா கார்டை உருவி, அழிச்சுட்டு, மறுபடி கேமராவுல போட்டுக்கலாம். அவ்வளவுதான். மூணு வருசம், நூத்துச் சொச்சம் கல்யாணம், ஒரு புகார் கிடையாது.

இப்ப அந்தக் கல்யாணம். மாப்பிள்ளை பூபதின்னு, ஊதியூர்ப் பக்கம் தோட்டம். அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர், இடுப்பு எலும்பு ஒடைஞ்சு கட்டில்லயே கெடக்கறாரு, கல்யாணத்துக்கு வர முடியலை. பூபதிக்கு ஒரு அக்கா, கலாமணின்னு பேரு. அந்தம்மா எட்டு வருசத்துக்கு முன்னாடி தானா ஒருத்தரைப் பாத்துக் கட்டிக்கிட்டாங்க. பெரியவருக்கு அது ஆகலை. "என் ஊட்டு ஆளு யாராச்சும் முறையா கூப்பிட்டா வரட்டும். தானா வந்தா வாசலோட நிக்கட்டும்"னு சொல்லிப்போட்டாரு. யாரும் கூப்பிடலை. அந்தம்மாவும் வரலை. எட்டு வருசங்க!

எங்க பக்கத்துல இணைச்சீர்னு ஒரு சீர் இருக்குதல்லங்க? உங்களுக்குச் சொல்லணுமா! தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளைக்குச் சமமா அவன் கூடப் பொறந்தவ மேடையில நிக்கோணும். தலையில கூடை, கூறைச்சேலையோட ஒரு தலைப்பு மாப்பிள்ளைகிட்ட, இன்னொரு தலைப்பு அவ கையில. பொறந்த ஊட்டுல அவளுக்கு இருக்கற உரிமைக்கு அதான் அத்தாட்சி. கலாமணி இல்லைன்னதும் பெரியப்பா மக அம்பிகாவை நிக்க வெக்கறதா ஏற்பாடு. ஆனா நின்னது கலாமணி. எப்படின்னு கேட்டா, அத்தனை பேரும் ஒரே பதில்: "தம்பி கூப்பிட்டான், அக்கா வந்துது." பூபதியும் அதையேதான் சொன்னாப்ல.

பெரியவர் நம்பலீங்க. "அவன் அக்காளை விட்டுக் குடுக்காமப் பேசுவான். ஊரும் அவனோட சேந்துக்கும். வீடியோ வரட்டும், என் கண்ணால பாக்கறேன். அவன் கூப்பிட்டிருந்தா அவ உள்ள வரட்டும்"னு சொல்லிட்டாரு. இப்பப் புரியுதுங்களா? எட்டு வருசமா அடைச்ச கதவு. அது தொறக்கறதும் தொறக்காததும் எங்க கார்டுல இருக்குது.

செல்போன்ல எவனாச்சும் எடுத்திருப்பானேன்னு கேப்பீங்க. எடுத்தாங்க, முப்பது பேரு எடுத்தாங்க! எல்லாம் அந்தம்மா மேடையில நின்னதுக்குப் பொறவு எடுத்தது. நடந்து முடிஞ்சாத்தானங்க சனம் செல்போனைத் தூக்கும்? முன்னால இருந்து ஓடினது மேனகா கேமரா ஒண்ணுதான்.

அந்தக் கார்டைத்தான் நாங்க அழிச்சுட்டோம்.

நில்லுங்க, நில்லுங்க, எந்திரிக்காதீங்க! முழுசாக் கேளுங்க. காரணம் தெரிஞ்சா நீங்களே "அட பாவமே, சென்னியப்பன் என்ன பண்ணுவான்"னு சொல்லுவீங்க.

கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்குதுங்க. எல்லாத்துக்கும் மேல அதான். மண்டப மேனேஜர்னு வெச்சுக்கங்களேன். கார்டைச் சொருகினா அவருதான் நோட்டுல எழுதிக்குவாரு: இன்ன பேரு, இன்ன ரூமு, டோக்கன் நம்பர் இவ்வளவுன்னு. உருவினா அந்த வரியை அடிச்சிருவாரு. இதுக்கு மவுண்ட்டுன்னு பேரு. என் புரோகிராம் பத்து செகண்டுக்கு ஒருக்கா போயி அந்த நோட்டை எட்டிப் பாத்துட்டு வரும். போன தடவை பாத்ததும் இப்பப் பாத்ததும் ஒண்ணா இருந்தா சும்மா இருக்கும். வித்தியாசம் இருந்தா வேலை பாக்கும். நல்ல ஏற்பாடுதானங்க? பத்து செகண்டுல என்ன குடி முழுகிரப் போகுது!

முழுகிருச்சு.

மேனகா இணைச்சீரைப் புடிச்சுட்டு ஓடியாந்துது. தாலி கட்ட நேரமாச்சு, மேளக்காரரு வேற அவசரப்படுத்தறாரு. சொருகியிருந்த பழைய கார்டை உருவிட்டு, கையில இருந்த கார்டை அதே ஓட்டையில சொருகிட்டு ஒரே ஓட்டம். மூணு செகண்டு இருக்குங்களா? என் புரோகிராம் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, அடுத்த தடவை பாக்கறதுக்குள்ள ஆளே மாறியாச்சு. சரி, மாறினா நோட்டுல வித்தியாசம் தெரியோணுமல்ல? அங்கதாங்க வெனை! ரெண்டு கார்டுக்கும் பேரே வெக்கலை, ரெண்டும் "பேரில்லை"ன்னுதான் காட்டும். ரூம் அதே ரூம். டோக்கன் நம்பராச்சும் மாறுமான்னா, மாறாது. மேனேஜர் என்ன பண்றாரு, ஒருத்தன் காலி பண்ணின நம்பரை அடுத்து வர்றவனுக்கே தூக்கிக் குடுத்துருவாரு! அதே பேரு, அதே ரூமு, அதே நம்பரு. என் புரோகிராம் பாத்துச்சு, "எல்லாம் அப்படியேதான் இருக்குது"ன்னு பேசாம இருந்துக்கிச்சு. பச்சை லைட்டும் அப்படியே எரியுது. கா மணி நேரம் கழிச்சு மேனகா வந்து பாத்துது, பச்சை. உருவுச்சு, அழிச்சுச்சு, பந்தியைப் புடிக்கப் போயிருச்சு.

மூணு நாள் கழிச்சு எடிட்டிங்ல உக்காந்தா இணைச்சீரையே காணோம். பூபதி இலையில உக்காந்து பாயசத்தைக் குடிக்கிறது மட்டும் பதினெட்டு நிமிசம் இருக்குது. அக்கா என்னைத் திட்டின திட்டு இருக்குதே, அப்பப்பா! தெருவே வந்து எட்டிப் பாத்துச்சு.

யார் தப்புன்னு சொல்லுங்க. நான் மேனகாவைக் குத்தம் சொல்லலை. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்தப் புள்ள எங்கிட்ட வந்துது. "அண்ணா, புதுக் கார்டு ஒண்ணு வந்திருக்குது. பழசுக்கும் புதுசுக்கும் ஒரே பேருதான் காட்டுது. பரவால்லையா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப வந்து கேட்டா? "அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியும், போ சாமி"ன்னுட்டேன். ஒரு விசயத்தைச் சொல்லணும்னா சொல்ற மாதிரி சொல்லோணுமல்லங்க?

கெர்னல் எழுதறவங்களும் லேசுப்பட்டவங்க இல்லீங்க. இது கோளாறுன்னு அவங்களுக்கே தெரிஞ்சு, புது வெர்சன்ல சரி பண்ணிட்டாங்க. இனி எட்டிப் பாக்கவே வேண்டாம். நம்ம புரோகிராம் பேரை மேனேஜர்கிட்ட ஒருக்கா சொல்லி வெச்சாப் போதும். ஒரு கார்டு வந்தா அவரே கூப்பிட்டு "இது வந்துச்சு"ம்பாரு. போனா "இது போச்சு"ம்பாரு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா. நம்பரும் இப்ப அவர்கிட்டக் கேட்டா வேற நம்பரு தர்றாரு, ஒருத்தனுக்குக் குடுத்தா இன்னொருத்தனுக்கு அதைக் குடுக்கவே மாட்டாரு. எவ்வளவு நல்ல ரோசனை பாருங்க! இதையெல்லாம் விளக்கி எனக்கு மெயிலே வந்திருந்துச்சுங்க, நாலு மாசத்துக்கு முன்னாடி. நான் தொறக்கலை. ஒரு நாளைக்கு நூறு மெயிலு வருது, எதைன்னு தொறக்கறது?

ஆக, கூட்டிக் கழிச்சா என் தப்பு பத்துப் பர்சன்ட் வரும். அதுக்கு மேல வராது.

சரி, போனது போச்சுன்னு நான் விட்டேனா? விடலீங்க. கார்டை அழிச்சாலும் உள்ள இருக்கறது ஒடனே போயிராது, மேல எதையாச்சும் எழுதினாத்தான் போகும். பந்தி எழுதினது முன்பாதியில. சீரு இருந்தது பின்பாதியில! ஆறு நாளு, சோறு தண்ணி சரியா இல்லாம, தோண்டித் தோண்டி எடுத்தேன். ஆறாம் நாள் மத்தியானம் ரெண்டே கால் மணி. திரையில மேடை வந்துது, மேளச் சத்தம் வந்துது. நான் சேர்ல ஏறி நின்னு கத்தினேன் பாருங்க. அந்தச் சேர்தான் இப்ப ஆடுறது.

முழுசாப் பாத்தேன். பாத்துட்டு உக்காந்துட்டேனுங்க.

மேடையில அம்பிகா கூடையைத் தலையில வெச்சுட்டு நிக்குது. பூபதி பக்கத்துல நிக்கறாப்ல. சீர் நடத்தறவரு ஆரம்பிக்கப் போறாரு. அப்ப, சனத்தோட சனமா மூணாவது வரிசையில உக்காந்திருந்த கலாமணி எந்திரிக்குது. யாரும் கூப்பிடலை. ஒருத்தரும் கூப்பிடலீங்க! விறுவிறுன்னு மேடை ஏறி, அம்பிகா தலையில இருந்த கூடையை எடுத்துத் தன் தலையில வெச்சுட்டு நிக்குது. மேளம் தப்பிப் போச்சு. பூபதி அப்படியே நிக்கறாப்ல. மேல ஓடுற ஃபேனைப் பாக்கறாப்ல. பதினோரு செகண்டு. எண்ணிப் பாத்தேனுங்க. அப்பறந்தான் சேலைத் தலைப்பை நீட்டறாப்ல. அந்தம்மா வாங்கிக்குது.

அன்னிக்குச் சாயங்காலமே கலாமணி கடைக்கு வந்துது. "கெடைச்சுதுங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத்தான் மறைக்கத் தெரியாதே, போட்டுக் காட்டினேன். அந்தப் பதினோரு செகண்டும் கண்ணை எடுக்காமப் பாத்துது. முடிஞ்சதும் முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு, "நாந்தான் ஏறுனேன். என் தம்பி, என் சீரு. இன்னொருத்தி நின்னா நான் பாத்துட்டு உக்காந்திருப்பனா?"ன்னுது.

"இப்படியே காட்டினா அப்பா கதவைத் தொறக்க மாட்டாருங்களே"ன்னேன்.

"தெரியும். இப்படியே குடுங்க. பொய் சொல்லி அந்த ஊட்டுக்குள்ள போறதுக்கு, வாசல்லயே நின்னுக்கறேன்."

சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயிருச்சு. எனக்குன்னா மனசே கேக்கலீங்க. எட்டு வருசம்! என் பச்சை லைட்டுனால வந்த குழப்பத்துல அந்தம்மா வாசல்ல நிக்கறதா? ராத்திரி சோறு எறங்கலை. மக்யா நாளு காலையில வந்து உக்காந்தேன், சுத்தமா வேலை பாத்தேன். அம்பிகா நிக்கறது, கலாமணி ஏறுறது, ஃபேனைப் பாக்கறது, எல்லாம் போச்சு. பூபதி நிக்கறதுக்கு அடுத்தாப்ல நேரா கையை நீட்டறது. மொதல்ல பூபதி நிக்கறாப்ல, அப்பறம் அக்கா பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒரு ஈ, எறும்புக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் சொல்லலை. கலாமணிகிட்ட, பூபதிகிட்ட, அக்காகிட்டக்கூடச் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

லேப்டாப்பைத் தூக்கிட்டு ஊதியூருக்குப் போனேன். பெரியவரு ஜன்னலோரமாக் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. பூபதி கால்மாட்டுல நிக்கறாப்ல. கலாமணி வெளியில, கேட்டுக்கு அக்கட்டால, ஸ்கூட்டர் பக்கத்துல நிக்குது. என்ன முடிவு வந்தாலும் காதால கேட்டுட்டுப் போறதுக்குன்னு வந்திருக்குது. உள்ளதை உள்ளபடி கொண்டாந்திருக்கேன்னு அந்தம்மா நெனைச்சுட்டு இருக்குது.

போட்டேன். பெரியவர் பாத்தாரு. "இன்னொருக்கா போடு"ன்னாரு. போட்டேன். "இன்னொருக்கா." மூணு தடவை பாத்தாரு. பூபதி தரையைப் பாத்துட்டே நிக்கறாப்ல.

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டுக் கேட்டாரு: "ஏந்தம்பி, கூடையை அம்பிகா தலையில ஏத்துனதாத்தான சொன்னாங்க? இவ தலைக்கு எப்ப வந்துது?"

நான் தடுமாறுவனா? "அந்த எடம் கார்டு அழிஞ்சதுல போயிருச்சுங்கய்யா"ன்னேன்.

"எவ்வளவு நேரம் போயிருச்சு?"

பட்டுனு பதில் சொன்னேன், தொழில் தெரிஞ்சவனல்லங்க. "பதினோரு செகண்டுங்கய்யா. கூடவும் இல்லை, கொறையவும் இல்லை."

கண்ணாடியை மாட்டிட்டு என்னையப் பாத்தாரு. "பரவால்லையே. அழிஞ்சதும் எண்ணித்தான் அழிஞ்சிருக்குது"ன்னாரு. நம்ம வேலைச் சுத்தத்தைப் பாத்து அசந்துட்டாரு போல. அப்பறம் பூபதியைப் பாத்து, "ஏண்டா, நீ கூப்பிட்டியா?"ன்னாரு.

பூபதி தலையை நிமித்தாமயே, "ஆமாங்கப்பா, நாந்தான் கூப்பிட்டேன்"னாப்ல.

"ம். நீ கூப்பிட்டே"ன்னாரு பெரியவரு. லேப்டாப்பை நவுத்தி வெச்சாரு. கட்டில் கம்பியைப் புடிச்சு, வலியோட வலியா ஜன்னல் பக்கம் திரும்பி, கேட்டுல நின்ன மகளைப் பாத்துக் கத்துனாரு பாருங்க, தோட்டத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துது:

"ஏ அம்மிணி! அங்க எதுக்கு நிக்கறே? கூப்பிட்டாத்தான் வருவேன்னு நீ எந்நாள்ல இருந்துடி மாறுனே?"

அந்தம்மா ஸ்கூட்டர் சாஞ்சு விழுந்ததைக்கூடத் திரும்பிப் பாக்காம ஓடியாந்துது. அழுகுதா சிரிக்குதான்னே தெரியலை. கட்டில் சட்டத்துல மூஞ்சியை வெச்சுக்கிச்சு. பெரியவரு அந்தத் தலையில கையை வெச்சுட்டு, "கூடையைப் புடுங்கிட்டியாக்கும், கழுதை"ன்னு மெல்லச் சொன்னாரு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சுங்க.

இருங்க, இருங்க, ஏன் எந்திரிக்கிறீங்க? அக்கா இப்ப வந்துரும். உங்க மக கல்யாணத்துக்குப் புது ஏற்பாடுதான், ஒரு செகண்டு தவறாது. எடிட்டிங்கும் நான்தான் பண்றேன். அன்னிக்குப் பண்ணினது எவ்வளவு சுத்தம்னா, அந்தப் பெரியவருக்கு இன்னி வரைக்கும் ஒண்ணுமே தெரியாதுங்க.